அடகுச் சீட்டும் எட்டுப் பேறுகளும்

அன்புள்ள தம்பிக்கு,

ஏழைகள் பேறுபெற்றோர் என்றால் அவர்களை அப்படியே ஏழைகளாகக் கிடக்கச் சொல்கிறாரா இயேசு என்று உறுதிப்பூசுதல் வகுப்பில் கேட்டாய். மணி அடித்துவிட்டதால் அரைகுறையாகச் சொல்லி அனுப்பினேன். மீதியை எழுதுகிறேன்.

மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தை மட்டும் படித்தால் உன் சந்தேகம் வரத்தான் செய்யும். லூக்கா ஆறாம் அதிகாரத்தையும் பக்கத்தில் வைத்துப் படி. அங்கே பேறுகள் நான்கு. அவற்றின் பின்னாலேயே செல்வர்களுக்கும், இப்போது வயிறு நிறைந்திருப்பவர்களுக்கும் எச்சரிக்கைகள் நான்கு. வறுமையை நல்லது என்று சொல்பவர் இப்படிப் பேசமாட்டார். மத்தேயுவிலும் எட்டுப் பேறுகளில் இரண்டு நேரடியாக நீதியைப் பற்றியவை: அதற்காகப் பசித்திருப்போர், அதற்காகத் துன்பப்படுவோர்.

அந்தப் பசிதான் திருச்சபையின் சமூகப் போதனையாக வளர்ந்தது. ஐரோப்பாவில் ஆலைகள் பெருகி, தொழிலாளர் குடும்பங்கள் நசுங்கிக் கிடந்த காலத்தில், 1891 மே 15 அன்று திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். தொழிலாளர் சங்கம் சேரலாம், உடலும் மனமும் முதிராத பிள்ளைகளை ஆலை வேலைக்கு அனுப்பக்கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது கூலியைப் பற்றிய பகுதி. குறைந்த கூலிக்கு ஒருவன் சம்மதித்துவிட்டான் என்பதற்காக அது நியாயமான கூலி ஆகிவிடாது. வேறு வழியில்லாமல் சம்மதித்திருந்தால் அவனுக்கு அநீதி நடந்திருக்கிறது என்கிறார் லியோ. "அவரே ஒத்துக்கொண்டுதானே வேலைக்கு வந்தார்" என்று நாமும் எத்தனை முறை சொல்கிறோம்!

மனித மாண்பு, பொது நலன், தோழமை என்று கொள்கைகளைத் தேர்வுக்கு நீ மனப்பாடம் செய்துவிடுவாய். செய், தவறில்லை. கூடவே, அவற்றை வாழ்ந்து காட்டிய பியர் ஜோர்ஜோ பிரசாத்தியையும் தெரிந்துகொள்.

1901இல் இத்தாலியின் தூரின் நகரத்தில் பிறந்தவர். அப்பா 'லா ஸ்தாம்பா' நாளிதழின் உரிமையாளர், பிறகு ஜெர்மனியில் இத்தாலியத் தூதர். மகன் படித்ததோ சுரங்கப் பொறியியல். சுரங்கத் தொழிலாளரோடு இருக்க வேண்டும் என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தார். மலையேறுவார், நண்பர்களோடு கும்மாளம் அடிப்பார். வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்து ஏழைகளின் வீடு வீடாகப் போவார். அதோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. தர்மம் மட்டும் போதாது, சட்டமும் மாற வேண்டும் என்று இத்தாலிய மக்கள் கட்சியில் சேர்ந்தார். பாசிஸ்டுகளை வெளிப்படையாக எதிர்த்தார்.

1925இல் பட்டம் வாங்கும் முன்பே இளம்பிள்ளை வாதம் தாக்கியது. இறப்பதற்கு முந்தைய நாள், செயலிழந்துகொண்டிருந்த கையால் நண்பருக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதினார். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். இன்ன நோயாளிக்கு இந்த ஊசி மருந்தைக் கொடுத்துவிடு. இன்னொருவரின் அடகுச் சீட்டு இருக்கிறது, அதை என் கணக்கில் புதுப்பித்துவிடு. அவ்வளவுதான் செய்தி. ஜூலை 4 அன்று, 24 வயதில் இறந்தார். இறுதி ஊர்வலத்தில் திரண்ட ஏழைகளைப் பார்த்த பிறகுதான் தங்கள் பிள்ளை யார் என்பதே வீட்டாருக்கு முழுதாகத் தெரிந்தது.

அந்த அடகுச் சீட்டைப் பற்றிக் கொஞ்சம் யோசி. ஏழைகளுக்கு உதவ வேண்டும் என்று பொதுவாக நினைப்பவருக்குத் தவணை முடியும் தேதி ஞாபகம் இருக்காது. ஒரு வீட்டுக்கு மறுபடி மறுபடி போனவருக்குத்தான் இருக்கும். இரக்கம் என்ற பேறு அப்படித்தான் பழக்கமாகிறது.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இவரை எட்டுப் பேறுகளின் மனிதர் என்று அழைத்தார். 2025 செப்டம்பர் 7 அன்று இவரைப் புனிதராக அறிவித்தவர் திருத்தந்தை பதினான்காம் லியோ. 'ரேரும் நோவாரும்' எழுதிய லியோவை நினைத்தே அந்தப் பெயரை எடுத்ததாகச் சொன்னவர் அவர்.

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு ஒரு வேலை தருகிறேன். நம் கோவிலைக் கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, அதில் அவர் வீட்டு வாடகையும் அரிசியும் பிள்ளைகளின் படிப்பும் அடங்குமா என்று மரியாதையாக விசாரித்து வா. அடங்காது என்றால், நீயும் நானும் சேர்ந்தே பங்குப்பேரவையில் பேசுவோம்.

அன்புடன்,
அக்கா