கைப்பேசியில் வேதம்: ஒரு வசனமா, முழு அதிகாரமா?

வேத பகுதி: யோபு 8-ம் அதிகாரம், அப்போஸ்தலர் 8:26-39



"பாஸ்டர், போன்ல பைபிள் வாசிக்கலாமா?" என்று வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். தாராளமாக வாசிக்கலாம். எத்தியோப்பிய மந்திரி பிரயாணத்தில், இரதத்தில் உட்கார்ந்துதானே ஏசாயாவை வாசித்தார்? நீங்கள் டவுன் பஸ்ஸில் வாசித்தால் குற்றமில்லை. கண் மங்கின பெரியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்கிறார்கள். எழுத்து தெரியாத தாய்மார் வேதத்தைக் காதால் கேட்கிறார்கள். இதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!

ஆனால் எனக்கு நடந்த ஒரு காரியத்தை மறைக்காமல் சொல்லுகிறேன்.

மகனை இழந்து துக்கத்திலிருந்த ஒரு தாயாருக்கு ஆறுதல் வசனம் அனுப்ப நினைத்து, கைப்பேசியில் 'முடிவு' என்று போட்டுத் தேடினேன். யோபு 8:7 வந்தது. ஆரம்பம் சிறிதானாலும் முடிவு பெரிதாகும் என்ற பொருளுள்ள அந்த வசனத்தை வாக்குத்தத்த அட்டைகளில் நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் வீட்டுக்குப் போனேன். "ஐயா, எம்புள்ள பாவம் செஞ்சதாலதான் செத்தானா?" என்று அந்த அம்மா கேட்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தன் பெரிய எழுத்து வேதாகமத்தில் அதே அதிகாரத்தின் 4-ம் வசனத்தைக் காட்டினார்கள். பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்த யோபுவிடம், பிள்ளைகளின் சாவுக்கு அவர்கள் பாவமே காரணம் என்கிற விதமாய்ப் பில்தாத் அங்கே பேசுகிறான். நான் அனுப்பின 7-ம் வசனமும் அவன் வாயிலிருந்து வந்ததுதான்!

வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ வாங்கின நான் தலைகுனிந்தேன். பிறகு யோபு 42:7-ஐத் திறந்து, "அம்மா, அப்படிப் பேசினவன்மேல் கர்த்தரே கோபங்கொண்டார், பாருங்கள்" என்று வாசித்துக் காட்டி, மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தாயார் அழுதார்கள், நானும் அழுதேன். யோபுவின் முடிவைக் கர்த்தர் ஆசீர்வதித்தது மெய்தான் (42:12). ஆனால் பில்தாத்தின் குற்றச்சாட்டைக் கர்த்தர் ஏற்றுக்கொள்ளவில்லை.

கைப்பேசியைக் குறை சொல்ல மாட்டேன். அவசரம் என்னுடையது. தேடினால் வசனம் ஒரு நொடியில் வரும்; சொன்னவர் யார் என்று நாம்தான் பார்க்கவேண்டும். ஆகவே சில ஆலோசனைகள்:

1. தேடி எடுத்த வசனத்தோடு நின்றுவிடாமல் முழு அதிகாரத்தையும் திறந்து வாசியுங்கள்.

2. பேசுகிறவர் யார், யாரிடம், எந்த நிலைமையில் பேசுகிறார் என்று கேளுங்கள். தீர்க்கதரிசி யாரைக் குறித்துச் சொல்லுகிறார் என்றுதான் மந்திரியும் கேட்டார் (அப். 8:34). அந்தக் கேள்வி அவரை இயேசுவண்டை நடத்திற்று.

3. வேதத்தை டவுன்லோடு செய்துவைத்து, நெட்டை அணைத்துவிட்டு வாசியுங்கள். நடுவில் ஒரு மெசேஜ் வந்தால் மனது அதன் பின்னாலேயே போய்விடும்.

4. துக்கப்படுகிறவர்களுக்கு வசனம் அனுப்புமுன் ஜெபியுங்கள். கூடுமானால் நேரில் போங்கள். பிலிப்பு இரதத்தில் ஏறி, மந்திரியின் பக்கத்தில் உட்கார்ந்தல்லவா வேதத்தை விளக்கினார்?

இன்று இரவே யோபு 8-ம் அதிகாரத்தை முழுவதும் வாசித்துப் பாருங்கள். வாசிக்கிற நம் கண்களைக் கர்த்தர் தாமே திறப்பாராக. ஆமென்.