எண்ணோடு அலகையும் எழுது

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

கிலோவாட் மணியை ஜூலாக்கும்போது 3,600-ஆல் பெருக்குவதா வகுப்பதா என்று ஒவ்வொரு முறையும் குழம்புவதாக எழுதியிருந்தாய். அதை மனப்பாடம் செய்ய முயலாதே. எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்தில் அதன் அலகையும் எழுது; கடைசி வரி வரை அதை விடாதே. பெருக்கலா வகுத்தலா என்பதை அலகே சொல்லிவிடும்.

மின்கட்டணத்தில் வரும் ஒரு யூனிட்டையே எடுத்துக்கொள். அது 1 கிலோவாட் மணி.

1 கிலோவாட் மணி × (1,000 வாட் / 1 கிலோவாட்) × (3,600 விநாடி / 1 மணி) = 36,00,000 வாட் விநாடி

மேலும் கீழும் நிற்கும் கிலோவாட் அடிபடும்; மணியும் அடிபடும். வாட் என்பது விநாடிக்கு ஒரு ஜூல். ஆகவே விடை 36 லட்சம் ஜூல். அடைப்புக்குறிக்குள் உள்ள ஒவ்வொரு பின்னத்தின் மதிப்பும் 1 தான், ஏனென்றால் மேலே உள்ளதும் கீழே உள்ளதும் ஒரே அளவு. ஒன்றால் பெருக்குவதால் ஆற்றல் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. பின்னத்தைத் தலைகீழாக எழுதிவிட்டாயானால் விடையில் மணியின் வர்க்கம் வந்து நிற்கும். தவறு அங்கேயே கண்ணில் படும்.

வெப்பத்தை அளக்கும் கலோரிக்கு வரும்போது ஒன்றைக் கவனி. 3,600 நாம் வரையறுத்துக்கொண்ட எண். கலோரிக்கு 4.184 ஜூல் என்று இன்று புத்தகத்தில் எளிதாகப் படிக்கிறாய். அந்த உறவை, அலகுகளை அடித்துப் பார்க்கும் இந்தப் பரிமாணப் பகுப்பாய்வு தராது; அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல் எடைகளைக் கீழே இறங்கவிட்டு, அவற்றால் தண்ணீருக்குள் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றி, வெப்பநிலை எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார். ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி சூடாக்க 772 அடி-பவுண்டு வேலை தேவை என்று 1850-இல் வெளியிட்டார். அதை நீயே இன்றைய அலகுகளுக்கு மாற்றிப் பார், கலோரிக்கு 4.15 ஜூல் வரும். அந்தக் காலத்து வெப்பமானியை வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கியிருக்கிறார்! எனக்கு இன்னமும் வியப்பு அடங்கவில்லை.

அலகு பொருந்திவிட்டால் எல்லாம் சரி என்றும் இருந்துவிடாதே. திருப்பு விசைக்கும் நியூட்டன் மீட்டர்தான், வேலைக்கும் அதேதான். ஆனால் திருப்பு விசை ஆற்றல் ஆகாது. அமெரிக்க உணவுப் பொட்டலங்களில் கலோரி என்று அச்சிடுவது கிலோகலோரி. அதை வெறும் கலோரி என்று எடுத்துக்கொண்டால் வரும் ஆயிரம் மடங்குப் பிழையைப் பரிமாணம் காட்டிக்கொடுக்காது. விடையின் அளவு நடப்புக்கு ஒத்துவருகிறதா என்று நீதான் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரி செல்சியஸிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க 70 கிலோகலோரி, அதாவது ஏறத்தாழ 0.08 யூனிட். வெப்பம் வீணாகாவிட்டால் ஒரு யூனிட்டில் 12 லிட்டர் கொதிநிலைக்கு வரும். இப்படி இரண்டு மூன்று அளவுகள் மனதில் இருக்கட்டும்.

வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது. கிலோவுக்குச் சுமார் 46 மெகாஜூல். அது எத்தனை யூனிட் என்று அலகுகளோடு எழுதி எனக்கு அனுப்பு. விடை மட்டும் போதாது, எல்லா வரிகளும் வேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா