போனுக்கு வாசிக்க வராத அறிவிப்பு

கேள்வி: டவுணில் கீழ ரத வீதிப் பக்கம் இயங்கும் சிறிய அறக்கட்டளை எங்களுடையது. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் கல்வி உதவித்தொகை கொடுக்கிறோம். போன வருஷம் இணையதளம் தொடங்கி, விண்ணப்பங்களையும் அதிலேயே வாங்குகிறோம். பாளையங்கோட்டையில் படிக்கும் பார்வையற்ற மாணவர் ஒருவர் கூப்பிட்டு, “சார், உங்க அறிவிப்ப என் போன் வாசிக்கவே மாட்டேங்கு” என்றார். தளம் செய்துகொடுத்தவரோ, வருடச் சந்தா கட்டி ஒரு கருவியை இணைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். வாங்கலாமா? எங்களைப் போன்ற சிறிய அமைப்புக்கும் சட்டம் பொருந்துமா?
— ஓர் அறக்கட்டளைச் செயலாளர், திருநெல்வேலி டவுண்

பதில்: அண்ணாச்சி, முதலில் அந்த மாணவரைத் திருப்பிக் கூப்பிட்டு, அவருடைய விண்ணப்பத்தைப் போனிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடைசித் தேதியையும் கொஞ்சம் தள்ளிவையுங்கள். அவராவது கூப்பிட்டார்; கூப்பிடாமலே விட்டுவிட்டவர்களும் இருப்பார்கள்.

இனி தளத்துக்கு வருவோம். உங்கள் அறிவிப்பு ஒரு பி.டி.எஃப். கோப்பாகவோ, வாட்ஸ்அப்பில் சுற்றும் போஸ்டர் படமாகவோதான் இருக்கும் என்று நினைக்கிறேன். தமிழ்த் தளங்களில் பெரிய தடையே இதுதான். நம் டி.டி.பி. கடைகளில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் புழங்குகின்றன. அவற்றில் தமிழ் வடிவம் திரையில் மட்டும்தான். உள்ளே பதிவாகியிருப்பது ஆங்கில விசைகள். பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கணினிக்குள் ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்றுதான் இருக்கும். பார்வையற்றவரின் போனில் உள்ள திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். கோவை செம்மொழி மாநாட்டையொட்டி 2010-லேயே, தமிழ் எழுத்தைத் தமிழாகவே பதிவுசெய்யும் யூனிகோடைத் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் ஒரு மாணவர் தன் தாய்மொழி அறிவிப்பை இப்படிக் கேட்க நேர்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

சோதிப்பது எளிது. பி.டி.எஃப்.பில் ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் நல்லது. ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தால் பழைய எழுத்துரு. வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது வெறும் படம். எதுவானாலும் தீர்வு ஒன்றுதான்: தகுதி, தொகை, கடைசித் தேதி, தேவையான சான்றிதழ்கள் எல்லாவற்றையும் யூனிகோடில் தட்டச்சு செய்து, சாதாரண இணையப் பக்கமாகவே போடுங்கள். அச்சடிக்க வேண்டுவோருக்கு பி.டி.எஃப். பக்கத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். கூடவே, பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்கச் சொல்லுங்கள். பல வார்ப்புருக்களில் அது ஆங்கிலம் என்றே கிடக்கும்; அப்போது ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்துகளை விழுங்கிவிடவும் கூடும்.

அடுத்தது விண்ணப்பப் படிவம். ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் நிரலில் இணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரைவாசிப்பான் ‘கட்டம், கட்டம்’ என்றே சொல்லிக்கொண்டு போகும். கோணல்மாணல் எழுத்தைப் பார்த்துத் தட்டச்சச் சொல்லும் சோதனையை எடுத்துவிடுங்கள். பத்து நிமிடத்தில் படிவம் காலாவதியாவதையும் நிறுத்துங்கள். பிறகு மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, ‘டேப்’ விசையை மட்டும் வைத்துப் படிவத்தை முடிக்க முடிகிறதா என்று நீங்களே பாருங்கள். கை சரியாக இயங்காதவர்கள் பலர் அப்படித்தான் கணினியை இயக்குகிறார்கள். கடற்படை அதிகாரித் தேர்வில் நேர்ந்த விபத்தால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கியது நம் பக்கத்து ஊர்க் கதை. அவரைப் போன்ற ஒருவர் உங்கள் படிவத்தைத் திறந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

பலரும் மறப்பது காது கேளாதவர்களை. ‘தொடர்புக்கு’ என்று போன் எண்ணை மட்டும் போட்டால் அவர்கள் எப்படிப் பேசுவார்கள்? குறுஞ்செய்திக்கும் வாட்ஸ்அப்புக்கும் ஓர் எண் கொடுங்கள். காணொளிகளுக்கு எழுத்து வரிகள் சேருங்கள். வெளிர் சாம்பல் எழுத்தையும் மாற்றிவிடுங்கள், அது வயதானவர்களுக்கும் உதவும்.

சந்தாக் கருவியை வாங்காதீர்கள். அது பக்கத்தின் மேல் ஒரு பொத்தானை ஒட்டும், எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும். பாமினியைத் தமிழாக்காது, படத்துக்குள் இருக்கும் தேதியைப் படிக்காது. எந்தத் தளத்தையும் தன் கருவி உலகத் தரத்துக்கு மாற்றிவிடும் என்று விளம்பரம் செய்த ஆக்சஸிபி நிறுவனத்தின் மீது அமெரிக்க வணிக ஆணையம் 2025 ஜனவரியில் நடவடிக்கை எடுத்து, 10 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. அந்தச் சந்தாப் பணத்தை, திரைவாசிப்பான் பயன்படுத்தும் இரண்டு பேருக்குக் கூலியாகக் கொடுத்துத் தளத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். இலவசமாகக் கேட்காதீர்கள், அது அவர்களுடைய தொழில்திறன். ஆளுக்கு அலையவும் வேண்டாம். 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கிய பாளையங்கோட்டை ஆற்றுக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறது. கணினி வழியே சோதிப்பவருக்கு என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் இருக்கிறது.

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, சேவை வழங்குவோர் அரசானாலும் தனியாரானாலும் அணுகல் விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்கிறது. அமில வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்தவர்கள், கேமரா முன் கண் சிமிட்டச் சொல்லும் அடையாளச் சோதனையில் தேற முடியாமல் தொடுத்த வழக்கில், இணைய அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறிய அமைப்பு என்று ஒதுங்கிவிடாதீர்கள். அதைவிட, உங்கள் உதவித்தொகை யாருக்காகவோ அவர்களே விண்ணப்பிக்க முடியாத நிலை ஒரு நாளும் தொடரக் கூடாது என்பதே எனக்குப் போதுமான காரணம்.

கடைசியாக ஒன்று. தளத்தை ஒருமுறை திருத்திவிட்டால் போதாது. அடுத்த வாரமே யாராவது ஒரு போஸ்டரைப் படமாக ஏற்றிவிடுவார்கள். உங்கள் அலுவலகத்தில் தளத்தில் பதிவேற்றுவது யாரோ, அவரிடம் இன்றே சொல்லிவையுங்கள்: போஸ்டரில் உள்ள விவரம் முழுவதையும் கீழே தட்டச்சு செய்யாமல் எந்தப் படமும் ஏறக் கூடாது.