நெட்வொர்க் வேலைக்கு எந்த வழி?

ப்ளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், சேலம் முதல் நாமக்கல் வரை, திருச்செங்கோடு முதல் ராசிபுரம் வரை, எந்த ஊரில் நான்கு பெரியவர்கள் கூடினாலும் பேச்சு பிள்ளைகளின் படிப்பைப் பற்றியதாகவே இருக்கிறது. லாரி வைத்திருப்பவரும், கோழிப்பண்ணை நடத்துபவரும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியை வெளிமாநிலங்களுக்கெல்லாம் ஓட்டிப் பொருள் சேர்த்தவரும், தம் பிள்ளை தம்மைப்போல் வெயிலில் வேகக்கூடாது என்று விரும்புவது நியாயமே. ஆனால் அந்த விருப்பத்திலிருந்து இன்ன படிப்பு என்ற முடிவுக்கு அவர்கள் வந்து சேரும் விதம்தான் எனக்கு மனவருத்தம் தருகிறது. பக்கத்து வீட்டுப் பையன் எதில் சேர்ந்தான், மாமன் மகன் எந்த ஊரில் சம்பளம் வாங்குகிறான், இந்த வருஷம் எந்தப் பெயருக்கு மவுசு என்ற மூன்று கேள்விகளோடு விசாரணை முடிந்துவிடுகிறது. பிள்ளையின் கைக்கும் மனத்துக்கும் எது இயல்பு என்ற நான்காவது கேள்வி எழுவதே இல்லை.

எல்லாத் தொழில்களையும் பற்றிச் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. கல்லூரி வளாகங்களிலும் ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் நெட்வொர்க் அமைக்கும் தொழிலில் பல வருஷங்களாக இருப்பவன் என்ற முறையிலும், வேலை கேட்டு வரும் இளைஞர்களைச் சோதித்துப் பார்க்க வேண்டிய கடமை உடையவன் என்ற முறையிலும், அந்த ஒரு தொழிலுக்குப் போகும் வழிகளைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். நம் பகுதியில் இதற்கு அவசியம் உண்டு. பொறியியல் கல்லூரிகளும், விடுதியோடு கூடிய பெரிய பள்ளிகளும், நூற்பாலைகளும், தீவன ஆலைகளும் நெருக்கமாக உள்ள இந்தச் சமவெளியில், கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்சுகள் அடுக்கிய ரேக் இல்லாத பெரிய கட்டடம் இன்று அபூர்வம். அதைத் திறந்து வேலை செய்யத் தெரிந்தவர்கள் அதைவிட அபூர்வம்.

தொழிலின் சுபாவம் விளங்குவதற்காக ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறேன். ஒரு கட்டடத்தின் மாடியில் இருநூறு கம்ப்யூட்டர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்விட்சுக்கு 48 போர்ட் என்றால் ஐந்து ஸ்விட்சுகள் வேண்டும். இந்த ஐந்தையும் சாதாரண கேபிளால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சங்கிலியாகக் கொண்டுபோகலாம். செலவு குறைவு, ஆனால் கடைசி ஸ்விட்சின் போக்குவரத்து முழுவதும் மற்ற நான்கின் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு போகவேண்டும், நடுவில் ஒன்று படுத்தால் அதற்கு அப்பால் உள்ளவை அனைத்தும் படுத்துவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனி ஃபைபரில் கீழ்த்தளத்துத் தலைமை ஸ்விட்சுக்குக் கொண்டுபோகலாம். உறுதியான முறைதான், ஆனால் ஃபைபர் இழைகளும், அவற்றை ஸ்விட்சில் பொருத்தும் எஸ்எஃப்பிகளும் அத்தனை மடங்கு வேண்டும். மூன்றாவது முறை ஸ்டாக்கிங். ஸ்விட்சின் பின்புறத்தில் ஸ்டாக் மாட்யூலைச் செருகி, அதற்கென்றே செய்யப்பட்ட தடித்த குட்டைக் கேபிள்களால் வளையமாகப் பிணைத்துவிட்டால், ஐந்தும் ஒரே ஐ.பி. முகவரியும் ஒரே கான்ஃபிகரேஷனும் கொண்ட ஒரே ஸ்விட்சாக நடந்துகொள்ளும். சிஸ்கோ நிறுவனம் 2003-இல் வெளியிட்ட கேட்டலிஸ்ட் 3750-இல் ஒன்பது ஸ்விட்சுகள் வரை 32 கிகாபிட் வேகத்தில் இவ்வாறு இணைக்கலாம். அதில் ஸ்டாக் போர்ட்டுகள் உடன்பிறந்தவை. பின்னால் வந்த 2960-எக்ஸில் மாட்யூலைத் தனியாக வாங்கிப் பொருத்தவேண்டும். எட்டு ஸ்விட்சுகள், 80 கிகாபிட். அதற்குப் பின் வந்த 9300 மாடலில் வேகம் 480 கிகாபிட்டாக உயர்ந்தது. ஜூனிப்பர், ஹெச்.பி.இ. ஸ்விட்சுகளும் வேறு வேறு பெயர்களில் இதே காரியத்தைச் செய்கின்றன. இந்தக் கேபிள்கள் பெரும்பாலும் அரை மீட்டர், ஒரு மீட்டர், மூன்று மீட்டர் நீளத்தில்தான் வருகின்றன. ஆகையால் ஒரு ரேக்குக்குள்ளோ பக்கத்து ரேக்குக்கோ உதவுமேயன்றி அடுத்த கட்டடத்துக்கு உதவாது.

செய்முறை சொற்பமானது. ஸ்விட்சுகள் ஒன்றோடொன்று சேரக்கூடிய மாடல்கள்தாமா, எல்லாவற்றிலும் ஒரே மென்பொருள் பதிப்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டிக்கொண்டு, பின்புற மூடியைக் கழற்றி, மாட்யூலை வழியோடு தள்ளி உட்காரவைத்து, திருகுகளை முடுக்கவேண்டும். மின்சாரம் ஓடும்போதே இதைச் செருகலாம் என்று தயாரிப்பாளர் உறுதி கூறினாலும், நிறுத்திவிட்டுச் செருகுவதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். பிறகு மேல் ஸ்விட்சின் ஒன்றாம் போர்ட்டிலிருந்து அதற்குக் கீழுள்ளதன் இரண்டாம் போர்ட்டுக்கு என்று வரிசையாக இறங்கி, கடைசி ஸ்விட்சிலிருந்து நீண்ட கேபிளை மீண்டும் முதலாவதற்குக் கொண்டுவந்து வளையத்தை மூடவேண்டும். தலைமை தாங்கவேண்டிய ஸ்விட்சுக்கு முன்கூட்டியே 15 என்ற பிரையாரிட்டி கொடுத்து, அதை முதலில் இயக்கி, அது எழுந்து நின்ற பிறகே மற்றவற்றுக்கு மின்சாரம் கொடுக்கவேண்டும். பிரையாரிட்டியைத் தொடாமல் விட்டால் எல்லாம் 1 என்ற எண்ணிலேயே நின்று, தயாரிப்பிலேயே பதிக்கப்பட்ட மேக் முகவரி மிகக் குறைந்த ஸ்விட்ச் தலைமை ஏற்று மாஸ்டராகிவிடும்; அது பெரும்பாலும் இருப்பவற்றிலேயே பழையதாக இருக்கும்.

இவ்வளவுதான் வேலை. ஆனால் இந்தச் சொற்ப வேலைக்குள் எத்தனை நுணுக்கங்கள் அடங்கியிருக்கின்றன என்று பாருங்கள். கேபிள் முழுவதும் உட்காராமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தால் வளையம் திறந்துபோய் வேகம் பாதியாகும். ஆனாலும் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், ஆகவே சோதித்துப் பார்க்காதவனுக்கு அது ஒருநாளும் தெரியாது. வேறு வேறு இடங்களில் இரண்டு கேபிள்கள் விட்டுப்போனால் ஸ்டாக் இரண்டாகப் பிளந்து, இரு பாதிகளும் ஒரே ஐ.பி. முகவரியைச் சொந்தம் கொண்டாடும். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டாக்கில் மின்சாரத்தோடு இருக்கும் புது ஸ்விட்சை இணைத்தால் இரு மாஸ்டர்களும் தலைமைக்குப் போட்டியிட்டு, தோற்ற பக்கம் மறுபடி முதலிலிருந்து எழும். தோற்றது பழைய ஸ்டாக்காக இருந்துவிட்டால் கட்டடம் முழுவதும் அந்த நிமிஷங்களில் ஸ்தம்பித்து நிற்கும். இவையெல்லாம் புத்தகத்திலும் இருக்கின்றன; ஆனால் புத்தகத்தில் படித்தவனுக்கு அவை வாக்கியங்கள், ரேக்கின் பின்னால் டார்ச் விளக்கோடு குனிந்து நின்றவனுக்கு அவை அனுபவம்.

இந்த அனுபவத்துக்கு அழைத்துச் செல்லும் வழிகள் எவை? பொறியியல் பட்டம் ஒரு வழி. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பதாக 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் நன்றாக இருந்து, நான்கு வருஷச் செலவைக் குடும்பம் தாங்குமானால் தாராளமாகச் சேரலாம், அதைப் பற்றி விஸ்தரிக்க வேண்டியதில்லை. இந்தத் தொழிலுக்குப் போக நினைப்பவர் எலக்ட்ரானிக்ஸ் பிரிவை எடுத்தாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தாலும் பெரிய பேதமில்லை. செயற்கை நுண்ணறிவு என்ற பெயர் ஒட்டியிருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பிரிவின் பின்னால் ஓடவேண்டாம். பி.சி.ஏ., பி.எஸ்ஸி. படிப்புகளும் பழுதில்லை. ஐ.டி.ஐ.-யில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் பராமரிப்பு சார்ந்த பிரிவுகள் உள்ளன. அவை கையைப் பழக்கும். பாலிடெக்னிக்கைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எச்சரித்தே தீரவேண்டிய வழி வேறு ஒன்று. பஸ் நிலையங்களைச் சுற்றியுள்ள மாடிகளில் பலகை மாட்டி, மூன்றே மாதத்தில் சான்றிதழ், நூறு சதவீதம் வேலை என்று அழைக்கிறார்களே, அந்த அவசரப் பயிற்சி வழியைத்தான் சொல்கிறேன். சான்றிதழ்மேல் எனக்கு விரோதம் இல்லை. 1998 முதல் நடந்துவரும் சிஸ்கோவின் சிசிஎன்ஏ தேர்வு நல்ல பாடத்திட்டம் கொண்டது. 2020 பிப்ரவரி 24 முதல் ஒரே தேர்வாக மாற்றியமைக்கப்பட்ட அதனை முறையாகப் படிப்பவனுக்கு அஸ்திவாரம் கெட்டிப்படும். ஆனால் இந்த மாடிகள் பலவற்றில் நடப்பது படிப்பு அன்று. 'டம்ப்ஸ்' என்ற பெயரில், தேர்வில் வந்த வினாக்களையும் விடைகளையும் திரட்டிய ஒரு கட்டைக் கையில் கொடுத்து, இத்தனை நாளில் இத்தனை வினா என்று மனப்பாடம் செய்விக்கிறார்கள். இந்த மனப்பாடம் நம் பகுதிப் பிள்ளைகளுக்குச் சுலபமாக வாய்த்துவிடுகிறது என்பதுதான் எனக்குள்ள பெரிய துக்கம். நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகள், இதே மனப்பாடப் பயிற்சியால் மிகச் சாமானியக் குடும்பங்களின் பிள்ளைகளையும் உயர்ந்த மதிப்பெண்ணுக்கு ஏற்றிவிட்ட உபகாரத்தை நான் மறுக்கமாட்டேன். பொறியியல் நுழைவுத்தேர்வு 2007-ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் நீங்கி, ப்ளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாவற்றையும் தீர்மானிப்பதாக ஆனபின் அந்தப் பயிற்சிக்குக் காரணமும் இருந்தது. ஆனால் வினாவைப் பார்த்தவுடன் விடையை எழுதும் அந்தப் பழக்கம், ரேக்கின் முன்னால் ஒரு பைசாவுக்கும் பிரயோஜனப்படாது. ரேக் வினா கேட்பதில்லை. ஒரு விளக்கு பச்சையாக எரியவேண்டிய இடத்தில் எரியாமல் இருக்கும், அவ்வளவுதான். ஏன் என்ற வினாவையும் நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

அப்படிப்பட்ட சான்றிதழோடு வந்த ஓர் இளைஞரிடம், இரண்டு ஸ்விட்சுகளையும் மாட்யூல்களையும் கேபிள்களையும் மேஜைமேல் வைத்து, இவற்றை ஸ்டாக் செய்து காட்டுங்கள் தம்பி என்றேன். மாஸ்டர் தேர்வு எவ்வாறு நடக்கும் என்பதைத் தடங்கலின்றி ஒப்பித்தவர், மாட்யூலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை இப்போதுதான் சார் முதல்முறை பார்க்கிறேன் என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருடைய தகப்பனார் எருமைகளை விற்றுக் கட்டிய பணத்துக்கு, ஓர் இணைப்பியின் ஸ்பரிசத்தைக்கூடத் தராத அந்தப் பயிற்சி நிலையத்தின்மேல்தான் கோபம் வந்தது.

இதில் வேறு நஷ்டங்களும் உண்டு. சிசிஎன்ஏ தேர்வுக் கட்டணமே 300 அமெரிக்க டாலர். பயிற்சிக் கட்டணம் அதற்கு மேல். சான்றிதழ் மூன்று வருஷத்துக்குத்தான் செல்லும். திருட்டு வினாத் தொகுப்பால் தேறியது தெரியவந்தால் அதைப் பறிக்கவும், மேற்கொண்டு தேர்வு எழுதவிடாமல் தடுக்கவும் சிஸ்கோவுக்கு உரிமை உண்டு. அந்த நிறுவனத்தின் உச்சத் தேர்வான சிசிஐஇ, 1993-இல் தொடங்கிய நாளிலிருந்து செய்முறைத் தேர்வை மையமாகக் கொண்டது. எட்டு மணி நேரம் வேலை செய்து காட்டவேண்டும். வேலை தெரிந்தவர்களே வகுத்த அந்தத் தேர்வு மனப்பாடத்துக்கு என்ன மதிப்புக் கொடுத்திருக்கிறது என்பதைப் பெற்றோர்கள் கவனிக்கவேண்டும்.

பாலிடெக்னிக்குக்கு வருகிறேன். நான் அங்கே படித்தவன்; ஆகவே என் சொல்லில் பட்சபாதம் இருப்பதாக நினைப்பவர்கள் அதைக் கழித்துக்கொண்டே படிக்கலாம். பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்று வருஷம், பதினெட்டு பத்தொன்பது வயதில் டிப்ளமோ, விருப்பமிருந்தால் நேரே பொறியியல் இரண்டாம் வருஷத்தில் சேரும் வசதி, இல்லையேல் 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் ஊதியத்தோடு ஒரு வருஷப் பயிற்சி என்று, இத்தனை கதவுகளை ஒருங்கே திறந்துவைத்திருக்கும் படிப்பு வேறில்லை. சேலத்தில் தியாகராஜர் பாலிடெக்னிக் 1958-லிருந்து நடந்துவருகிறது. இத்தகைய நிலையங்களில் பயின்றவர்கள் சேலம், மேட்டூர் வட்டாரத்து ஆலைகள் பலவற்றிலும் வேலை பார்த்திருக்கிறார்கள். ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்கத் தெரிந்த கையோடு அங்கிருந்து பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். மற்றதைக் கற்றுக்கொடுப்பது எனக்கு எளிது. ஆயினும், பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளையைப் பாலிடெக்னிக்கில் சேர்ப்பது கௌரவக் குறைவு என்று கருதும் மனோபாவம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில், மேஸ்திரியின் பக்கத்தில் நின்று இரும்பையும் மரத்தையும் தொட்டுத் தொட்டே ஒரு பையன் தொழிலாளியாகிறான் என்பதை நேரில் கண்டிருந்தும், கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட தொழில் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வந்துவிடும் என்று நம்புவது பெரும் பிரமை.

எந்த வழியில் போனாலும், இயல்பான நாட்டம் இருக்கிறதா என்று முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பழுதான மின்விசிறியைப் பிரித்துப் பார்க்கும் சுபாவம், இரவு பத்து மணிக்கும் ஒரு கேபிளின் மறுமுனையைத் தேடும் சிரத்தை, லேபிள் ஒட்டுவதைச் சலிப்பாகக் கருதாத ஒழுங்கு, இவை உள்ள பிள்ளைக்கு இந்தத் தொழில் அன்னமிடும். இவை இல்லாத பிள்ளையிடம் குற்றமேதும் இல்லை. கணக்கும் சட்டமும் விவசாயமும் அவனுக்காகக் காத்திருக்கின்றன. உள்ளவனும் பொறுமை கொள்ளவேண்டும். முதல் இரண்டு வருஷம் கேபிள் இழுப்பதிலும் ரேக் துடைப்பதிலும் போகும். கூடப் படித்தவன் பெங்களூரில் குளிர்ந்த அறையில் இருப்பதாகச் செய்தி வரும். அந்த இரண்டு வருஷங்களிலும் அறிவை வளர்க்க மார்க்கங்கள் இருக்கின்றன. சிஸ்கோ 1997-இல் தொடங்கிய நெட்வொர்க்கிங் அகாடமியின் பாடங்களில் பல இலவசமாகவே கிடைக்கின்றன. பாக்கெட் ட்ரேசர் என்ற பயிற்சி மென்பொருளும் இலவசம். இருவர் மூவர் சேர்ந்து, சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ உபயோகித்துக் கழித்த 3750 இரண்டையும் ஸ்டாக் கேபிள்களையும் தேடி வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு, ஒரு கேபிளை உருவினால் என்ன நடக்கிறது, மாஸ்டரை அணைத்தால் யார் தலைமை ஏற்கிறார்கள் என்று இரவெல்லாம் பார்த்தால், மூன்று மாத வகுப்பில் கிடைக்காதது மூன்று வாரத்தில் கிட்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மே மாதத்தில் எந்தக் கல்லூரியிலோ பயிற்சி நிலையத்திலோ பணம் கட்டுவதற்கு முன்னால், பிள்ளையை உடன் அழைத்துக்கொண்டு போய், அங்கே உள்ள நெட்வொர்க் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு ஸ்விட்சுகளை உங்கள் கண்ணெதிரில் ஸ்டாக் செய்து காட்டும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். செய்து காட்டினால், உங்கள் பிள்ளையின் கையால் ஒரு முறை செய்யவைக்கவும் கேளுங்கள். காட்ட மறுக்கும் இடத்தில் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.