தாளில் பிறந்த விண்வீரர்

நுழையும் முன்

தொலைக்காட்சியில் நாம் கண்டு மகிழும் அசைவூட்டத் தொடர்களுள் பல, முன்னரே அச்சில் வெளிவந்த சித்திரக்கதைகளைத் தழுவியவை. திரையில் தோன்றும் வீரரின் பெயர் நம் நினைவில் நிற்கிறது. அவரைப் படைத்தவரின் பெயரோ பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. அவ்வாறு மறைக்கப்படக் கூடாத ஓர் ஓவியரைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

பாடம்

1950 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆம் நாள் இங்கிலாந்தில் ‘ஈகிள்’ என்னும் சிறுவர் வார இதழ் வெளிவந்தது. அதன் ஆசிரியர் மார்கஸ் மோரிஸ் என்னும் சமயகுரு ஆவார். நல்ல கதைகளும் அறிவியல் செய்திகளும் வண்ணப் படங்களுடன் சிறுவர்க்குக் கிடைத்தல் வேண்டும் என்று அவர் விரும்பினார். அவ்விதழின் முதற்பக்கத்தை அணிசெய்தது ‘டான் டேர்’ என்னும் அறிவியல் சித்திரக்கதை. அதனை உருவாக்கியவர் ஓவியர் ஃபிராங்க் ஹாம்ப்சன்.

அந்நாளில் மனிதர் எவரும் விண்வெளிக்குச் சென்றதில்லை. யூரி ககாரின் விண்ணில் பறந்தது 1961 ஆம் ஆண்டில்தான். ஹாம்ப்சன் தம் கதை 1990களில் நிகழ்வதாக அமைத்தார். உலகெங்கும் உணவுப் பற்றாக்குறை ஏற்படுகிறது. வெள்ளிக் கோளில் உணவு கிடைக்குமா என்று அறிய விண்கல வீரர் டான் டேர் புறப்படுகிறார். அவருடன் உதவியாளர் டிக்பியும் பேராசிரியர் பீபாடி என்னும் பெண் அறிவியலறிஞரும் செல்கின்றனர். அங்கே பச்சை நிறத்தினரான ட்ரீன்களையும், சிற்றுடலும் பெருந்தலையும் கொண்ட அவர்களுடைய தலைவன் மீகானையும் எதிர்கொள்கின்றனர்.

இக்கதை சிறுவர் உள்ளத்தைக் கவர்ந்ததற்குக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்து ஐந்தாண்டுகள் கழிந்தும் இங்கிலாந்தில் உணவுப் பங்கீடு நீங்கவில்லை. அது 1954 வரை நீடித்தது. அளந்து தரப்பட்ட உணவை உண்டு வளர்ந்த சிறுவர்க்கு, உணவைத் தேடிச் செல்லும் பயணம் தம் வீட்டுக் கதையாகவே தோன்றியது.

ஹாம்ப்சன் மனம்போன போக்கில் வரையவில்லை. விண்கலங்களுக்கும் கதைமாந்தரின் தலைகளுக்கும் சிறு மாதிரிகளைச் செய்துவைத்தார். தம்முடன் பணிபுரிந்த ஓவியர்களைக் காட்சிக்கேற்ப நிற்கச் செய்து ஒளிப்படம் எடுத்தார். விண்படைத் தலைவரின் உருவத்திற்குத் தம் தந்தையையே மாதிரியாகக் கொண்டார். ஒரு விண்கலத்தை எத்திசையிலிருந்து வரைந்தாலும் அது அதே விண்கலமாகவே தோன்ற வேண்டும் என்பது அவர் கொண்ட நெறி. வாரந்தோறும் 2 பக்கங்களை நிறைக்க ஓர் ஓவியர் குழுவே உழைத்தது.

ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், 2002 ஆம் ஆண்டளவில், டான் டேரின் கதை கணினி அசைவூட்டத் தொடராக 26 பகுதிகளில் உருப்பெற்றது. கணினி அசைவூட்டத்தில் முதலில் கதைமாந்தரின் முப்பரிமாண உருவம் அமைக்கப்படும். பின்னர் அதனுள் எலும்புக்கூடு போன்ற சட்டகம் பொருத்தப்படும். அச்சட்டகத்தை அசைத்தால் உருவமும் அசையும். ஒளியும் நிழலும் சேர்க்கப்பட்ட பின், நொடிக்கு 24 முதல் 30 வரையிலான படங்களைக் கணினி கணித்துத் தரும். ஒருமுறை அமைத்த உருவத்தை எத்திசையிலிருந்தும் காட்டலாம். ஹாம்ப்சன் தம் மேசைமீது வைத்திருந்த மாதிரிகள் செய்த பணியையே இங்குக் கணினிக்குள் இருக்கும் உருவம் செய்கிறது. கருவி மாறியது, நெறி மாறவில்லை.

ஆயினும், இத்தொடரால் ஹாம்ப்சனுக்கு எப்பயனும் இல்லை. டான் டேரின் உரிமை தொடக்கம் முதலே பதிப்பகத்திடம் இருந்தது, படைத்தவரிடம் இருக்கவில்லை. இதழ் வேறு நிறுவனத்தின் கைக்கு மாறிய 1959 ஆம் ஆண்டில் அவர் அக்கதையை விட்டு விலகினார். பிற்காலத்தில் சிறுவர் நூல்களுக்குப் படம் வரைந்தார். ஒரு தொழில்நுட்பக் கல்லூரியிலும் பணியாற்றினார். 1975 ஆம் ஆண்டு இத்தாலி நாட்டின் லூக்கா நகரில் நடைபெற்ற சித்திரக்கதை விழாவில் உலக ஓவியர்கள் அவரைப் பெருமைப்படுத்தினர். 1985 இல் அவர் மறைந்தார். அவர் படைத்த வீரர் திரையில் முப்பரிமாண உருவில் பறந்ததைக் காண அவர் இல்லை.

படைப்பை விற்கலாம்; படைத்தவர் என்னும் உண்மையை விற்க இயலுமா? நம் நாட்டின் 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இவ்வினாவிற்கு விடை தருகிறது. உரிமையைப் பிறருக்கு அளித்த பின்னரும், ‘இதனைப் படைத்தவன் நானே’ என்று கூறும் சிறப்புரிமை படைப்பாளருக்கு உண்டு என்று அதன் 57 ஆம் பிரிவு உரைக்கிறது. பொருள் கைமாறலாம், பெயர் மறைதல் கூடாது என்பதே அதன் கருத்து.

மாணவர்களே! ஒரு தொடர் முடிந்ததும் திரையில் பெயர்கள் வரிசையாக ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். அடுத்த முறை அவற்றை ஒரு நிமிடம் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் பல நாள் உழைப்பு இருக்கிறது.

சொற்பொருள்

அசைவூட்டம் – படங்களை அசைவது போலக் காட்டும் கலை
பங்கீடு – அளவிட்டுப் பகிர்ந்தளித்தல்
முப்பரிமாணம் – நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் உடைமை
நெறி – ஒழுங்குமுறை

பயிற்சி

1. உணவைத் தேடும் கதை அக்காலச் சிறுவரைக் கவர்ந்தது ஏன்?
2. ஹாம்ப்சனின் மாதிரிகளையும் கணினியின் முப்பரிமாண உருவத்தையும் ஒப்பிட்டு எழுதுக.
3. ‘மாறியது, மாறவில்லை’ – இச்சொற்களை எதிர்ச்சொற்களாக அமைத்துச் சொந்தத் தொடர்கள் இரண்டு எழுதுக.
4. வகுப்பறை உரையாடல்: உரிமையை விற்ற படைப்பாளருக்குத் தழுவலின் வருவாயில் பங்கு தருதல் வேண்டுமா? இரு தரப்புக் கருத்துகளையும் தொகுத்துரைக்க.