காலியாக இருந்த கட்டம்

செல்வி என்ற ஒரு தாயின் கதையைப் படிப்போம்.

செல்விக்குச் சொந்த ஊர் தருமபுரிப் பக்கம். அந்த வருஷம் மழை இல்லை. காட்டில் வேலை இல்லை. கணவன் மாரிமுத்துவும் அவளும் பெங்களூருக்கு வந்தார்கள். கட்டட வேலை கிடைத்தது. தகரக் கொட்டகையில் குடியிருந்தார்கள். மாமியாரும் கூடவே வந்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே!

குழந்தையின் பெயர் குமரன். ஊரை விட்டு வரும்போது அவனுக்கு மூன்று மாதம். இப்போது பத்து மாதம். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

ஒருநாள் பக்கத்துக் கொட்டகைக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. கண் சிவந்தது. மூக்கு ஒழுகியது. நாலாம் நாள் முகத்தில் சிவப்புப் பொரிகள் தெரிந்தன.

"மணல்வாரி அம்மை. தானா இறங்கிடும்" என்றார் மாமியார்.

இறங்கவில்லை. குழந்தைக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சு உள்ளே இழுத்தது. ராத்திரியில் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். தட்டம்மை நுரையீரலைத் தாக்கிவிட்டது என்றார் டாக்டர்.

செல்விக்குத் தூக்கம் வரவில்லை. விளக்கைப் போட்டாள். பெட்டிக்கு அடியிலிருந்து குமரனின் தடுப்பூசி அட்டையை எடுத்தாள்.

ஊரில் எழுத்தறிவு வகுப்பில் படித்தவள் அவள். விரல் வைத்து ஒவ்வொரு கட்டமாகப் படித்தாள்.

பிறந்தவுடன் – தேதி இருந்தது.
6 வாரம் – தேதி இருந்தது.
10 வாரம் – தேதி இருந்தது.
14 வாரம் – காலி.
9 மாதம் – காலி.

ஏன் காலி? பத்தாவது வாரத்து ஊசிக்குப் பிறகு குமரனுக்குக் காய்ச்சல் வந்தது. தொடை வீங்கியது. "நல்லா இருக்கிற பிள்ளைக்கு ஏன் ஊசி? போதும்" என்றார் மாமியார். அதற்குள் ஊரை விட்டும் வந்தாயிற்று. அட்டை பெட்டிக்குள் போய்விட்டது.

விடிந்ததும் செல்வி கூலி வேலைக்குப் போகவில்லை. குமரனையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு அரசு சுகாதார நிலையத்துக்குப் போனாள். அங்கே இருந்த நர்சுக்குத் தமிழ் தெரியும்.

"இது எங்க ஊர் அட்டைங்க சிஸ்டர். இங்கே ஊசி போடுவீங்களா?"

"ஊசிக்கு ஊர் ஏதும்மா? இந்தியாவில் எந்த அரசு சுகாதார நிலையத்திலும் போடலாம். காசு கிடையாது. அட்டையைக் கொண்டு வந்தாயே, அதுவே பெரிசு."

"நாள் கடந்து போச்சுங்களே. முதல்லேருந்து போடணுமா?"

"வேண்டாம். விட்ட இடத்திலிருந்து போட்டால் போதும். ஆனால் இத்தனை மாதமும் பிள்ளை பாதி காவலோடு இருந்தான்."

"ரெண்டு தடவை போட்டோமே. அது போதாதுங்களா?"

நர்சு சிரித்தார். "நீ எழுதப் படித்தவள்தானே? 'அ' ஒரு தடவை எழுதியதும் மனசில் நின்றதா?"

"எங்கே நின்னுச்சு! பத்து தடவை எழுதினேன்."

"உடம்பும் அப்படித்தான். ஊசி மருந்தில் செத்த கிருமி இருக்கும். அல்லது வலு இழந்த கிருமி, கிருமியின் ஒரு துண்டு இருக்கும். அதனால் நோயைக் கொடுக்க முடியாது. உடம்பு அதைப் பார்த்துப் படிக்கிறது. எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது. மறுபடி காட்டினால் மறக்காது. நிஜக் கிருமி வரும்போது உடனே அடையாளம் கண்டு அடித்துவிடும்."

"தாய்ப்பால் குடிக்கிறானே?" என்று கேட்டார் மாமியார்.

"நல்லதும்மா. சீம்பாலும் தாய்ப்பாலும் பிள்ளைக்குக் காவல். பிறக்கும்போதே தாயிடமிருந்து கொஞ்சம் எதிர்ப்பு சக்தி வருகிறது. ஆனால் அது கடன் வாங்கிய காவல். சில மாதங்களில் தீர்ந்துவிடும். அதனால்தான் ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை ஊசி போடுகிறோம்."

"எங்க காலத்துல இத்தனை ஊசி ஏது?"

நர்சு அவர் கையைப் பார்த்தார். தோளுக்குக் கீழே வட்டமாக ஒரு தழும்பு.

"இது என்னம்மா?"

"சின்ன வயசுல அம்மை குத்தினது."

"அந்தக் குத்துதான் பெரியம்மையை ஒழித்தது. 1975-க்குப் பிறகு இந்தியாவில் ஒருவருக்கும் பெரியம்மை வரவில்லை. இயற்கையாகப் பரவும் போலியோவும் 2011 ஜனவரியோடு நின்றது. மேற்கு வங்காளத்தில் ஹவுராவில் வந்ததுதான் கடைசி. உங்களுக்கு உங்கள் அம்மா செய்ததைப் பேரனுக்கு நீங்கள் செய்யுங்கள்."

மாமியார் பதில் பேசவில்லை. குமரனை மடியில் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டார்.

அன்று அவனுக்கு விட்டுப்போன ஊசிகள் போட்டார்கள். சொட்டு மருந்தும் வைட்டமின் ஏ மருந்தும் கொடுத்தார்கள். அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொன்னார்கள்.

"காய்ச்சல் வரலாம். பயப்படாதே. உடம்பு பாடம் படிக்கிறது என்று அர்த்தம். தாய்ப்பால் கொடு. நான் சொல்லும் அளவு காய்ச்சல் மருந்து கொடு. வீங்கிய இடத்தில் ஈரத் துணி வை. வேறு எதையும் பூசாதே. காய்ச்சல் அதிகமானாலோ, வலிப்பு வந்தாலோ, உடம்பில் பொரி தெரிந்தாலோ உடனே தூக்கி வா" என்றார் நர்சு. அடுத்த தேதியையும் எழுதிக் கொடுத்தார்.

ஒன்பது நாள் கழித்துப் பக்கத்துக் கொட்டகைக் குழந்தை வீடு திரும்பியது. எலும்பும் தோலுமாக வந்தது. அதன் தாயும் ஓர் அட்டை வைத்திருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. செல்வி பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினாள். அதிலும் காலிக் கட்டங்கள் இருந்தன.

எந்த வயதில் எது?

பிறந்தவுடன்: காசநோய்க்குப் பி.சி.ஜி., மஞ்சள் காமாலை ஊசி, போலியோ சொட்டு மருந்து.

6, 10, 14 வாரம்: ஐந்து நோய்த் தடுப்பூசி, போலியோ சொட்டு மருந்து, வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா மருந்து. 6, 14 வாரங்களில் போலியோ ஊசி, நிமோனியா ஊசியும் உண்டு.

9 மாதம் முடிந்ததும்: தட்டம்மை ரூபெல்லா ஊசி, போலியோ ஊசி, நிமோனியா ஊசி, வைட்டமின் ஏ.

16 முதல் 24 மாதம்: தட்டம்மை ரூபெல்லா இரண்டாம் ஊசி, முத்தடுப்பு ஊசி, போலியோ சொட்டு மருந்து.

5 முதல் 6 வயது: முத்தடுப்பு ஊசி.

10 வயது, 16 வயது: ரணஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பூசி.

பேசுவோம்

1. குமரனின் அட்டையில் எந்தக் கட்டங்கள் காலியாக இருந்தன? ஏன்?
2. ஒரே ஊசியை ஏன் பல தடவை போடுகிறார்கள்?
3. வெளியூருக்குப் பிழைக்கப் போகும்போது எதை மறக்காமல் எடுத்துப்போக வேண்டும்?

செய்வோம்

உங்கள் வீட்டுக் குழந்தையின் அட்டையை எடுங்கள். விரல் வைத்துப் படியுங்கள். காலிக் கட்டம் இருக்கிறதா? அடுத்து ஊசி போடும் நாளில் குழந்தையோடு போங்கள். பிறகு, படிக்கத் தெரியாத ஒரு தாய்க்கு அவள் அட்டையைப் படித்துக் காட்டுங்கள்.