காற்றும் கடலும்: கணிப்பொறியில் ஒரு கொடுக்கல் வாங்கல்

தட்பவெப்பத்தைக் கணிப்பொறியில் ஆராய, வளிமண்டலத்திற்கு ஒரு கணித மாதிரியும் கடலுக்கு வேறொன்றும் வேண்டும். அமெரிக்காவில் சியுகுரோ மனாபேயும் கிர்க் பிரையனும் இரண்டையும் இணைத்து 1969-இல் முடிவுகளை வெளியிட்டனர்.

வளிமண்டல மாதிரி வெப்பத்தையும் மழையையும் கடலுக்குத் தரும்; கடல் மாதிரி தன் மேற்பரப்பு வெப்பநிலையைத் திருப்பித் தரும். ஆனால் இரண்டின் கட்ட அளவுகளும் கால இடைவெளிகளும் வேறு வேறு. கைமாறும்போது ஆற்றல் கூடவோ குறையவோ கூடாது.

சதுர மீட்டருக்கு 1 வாட் பிழை அற்பமா? கணக்கிடுங்கள்: ஓராண்டில் அது சுமார் 3 கோடியே 15 இலட்சம் ஜூல். 50 மீட்டர் ஆழ நீரை அது 0.15 டிகிரி செல்சியஸ் சூடாக்கும். பத்தாண்டில் 1.5 டிகிரி! உண்மையான வெப்ப உயர்வே இப்பிழையில் மறைந்துவிடும். எனவே, மாதிரிகளை இணைப்போர் முதலில் சரிபார்ப்பது நீங்கள் படித்த ஆற்றல் அழிவின்மை விதியைத்தான்.